கையில் ஆர்டர், அப்புறம்தான் ராஜினாமா
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



"பேங்க் வேலையை விட்டுட்டு கவர்மெண்ட் வேலைக்குப் போனியே, அதைப் பத்திப் பேசும்மா" என்று தலைவி அக்கா சொன்னார்கள். நான் இந்தக் குடிகாட்டில் வளர்ந்தவள். சிப்காட் கம்பெனி சங்கு ஊதினால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவோம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடிச்சப்போ எங்க வீட்டுக் கூரை பறந்தது. மறுபடி சீட் போட்டது அம்மாவின் குழுக் கடனில்தான். அதனால் இந்த மேடை எனக்கு அந்நியம் இல்லை.

முதலில் ஒன்றை உடைச்சுச் சொல்லிடறேன். நான் மக்கள் சேவைக்காக பேங்க் வேலையை விடவில்லை. வேறு மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் அதிகாரியாக இருந்தேன். அடுத்த மாற்றல் வடநாட்டுக்கு என்று பேச்சு. அம்மா இங்கே தனியாக. பேங்கில் சேர்வதற்கு முன்பே எழுதியிருந்த குரூப் 2 தேர்வின் முடிவு அப்போதுதான் வந்தது. கூட்டுறவுத் துறையில் முதுநிலை ஆய்வாளர் வேலை. கைக்கு வரும் சம்பளம் குறைவு. ஆனாலும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கலாம். இதுதான் காரணம்.

"பழைய பென்ஷன் கிடைக்குமே" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அதுவும் சரியில்லை. நான் சேர்ந்த காலத்தில், 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு மாநில அரசில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம்தான். உங்க பிள்ளைகளுக்கு யாராவது யோசனை சொன்னால், சேரும் வருஷத்து விதி என்ன என்று கேளுங்க. அம்பது வருஷத்துக்கு முந்தின கதையைக் கேட்டு முடிவெடுக்காதீங்க.

அடுத்து பாண்டு. ரெண்டு வருஷத்துக்குள் விலகினால் ஒரு லட்சம் கட்டணும் என்று சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தேன். படிச்சுப் பார்க்காமல் போட்ட கையெழுத்து. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. மீதி நாற்பதாயிரத்துக்கு அம்மா குழுவில் உள்கடன் கேட்டார்கள். கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "இருக்கிற நல்ல வேலையை விட்டுட்டு சம்பளம் கம்மியா உள்ள வேலைக்குப் போறவளுக்கு நம்ம சேமிப்பை எதுக்குத் தரணும்?" என்று கேட்டார். அம்மா அன்றைக்கு அழுதுவிட்டார்கள். எனக்கும் கோபம்தான். பிறகு யோசித்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பத்துப் பதினைந்து பேர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். எதுக்கு, எப்படித் திருப்பிக் கட்டுவே என்று கேட்கத்தானே குழு? அடுத்த கூட்டத்தில் நானே வந்து மாசக் கணக்கை எழுதிக் காட்டினேன். நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியில் கொடுத்தார்கள். இருபது மாசத்தில் கட்டி முடித்தேன். தீர்மான நோட்டில் முதலில் கையெழுத்துப் போட்டது அந்த அக்காதான்.

வேலை மாறும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டாலே வேலை கிடைத்துவிட்டது என்று நினைக்காதீங்க. பணி நியமன ஆணை கையில் வந்த பிறகுதான் ராஜினாமா கடிதம். முன்னறிவிப்புக் காலம் எத்தனை மாசம், பாண்டு எவ்வளவு, ஊழியர் சலுகை வட்டியில் வாங்கிய கடன் இருந்தால் அது என்ன ஆகும், எல்லாம் எழுத்தில் கேளுங்க. விடுவிப்பு ஆணையை வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீங்க. அதில்லாமல் புது ஆபீசில் சேரப் போய் நின்றால் சிக்கல்தான்.

சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீங்க. முழுக்கப் பார்வை இல்லாதவர். அவருக்காக அம்மா புத்தகங்களைப் படித்துக் காட்டுவாராம். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக இருந்துகொண்டே சிவில் சர்வீஸ் தேர்வில் 343-ஆவது இடம் பெற்று, 2015-இல் இந்திய வெளியுறவுப் பணிக்குப் போனார். முழுப் பார்வையிழப்புள்ள ஒருவர் அந்தப் பணியில் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. அவரும் வேலையை விட்டுவிட்டுப் படிக்கவில்லை. வேலையில் இருந்தபடிதான் அடுத்த படியில் காலை வைத்தார்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் வந்தேன். பேங்கில் இருந்தபோது ஒரு மகளிர் குழு கடன் மனுவோடு வந்தது. தீர்மானத்தில் ரெண்டு கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த தடவை போட்டோ இல்லை என்றேன். மூன்றாம் தடவை வந்தபோது மேலாளர் லீவு. அதில் ஒரு பாட்டி, "மூணு நாள் கூலி போச்சு கண்ணு. மொதல்லயே எல்லாத்தையும் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது குடிகாட்டுக் குழுக்காரியின் மகள். எங்க அம்மாவும் இப்படித்தான் அலைந்திருப்பார்கள். எனக்கு அது ஞாபகமே வரவில்லை, பாருங்க.

அன்றிலிருந்து என்னென்ன வேணும் என்பதை ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். இப்போதைய ஆபீசிலும் அதையேதான் செய்கிறேன். எங்கே போனாலும் நீங்களும் கேளுங்க: "என்னென்ன வேணும், ஒரே தடவையில் எழுதிக் குடுங்க." குழுக் கடனில் பத்து லட்சம் வரைக்கும் பிணையம் கேட்கக் கூடாது, உங்க சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தெரிஞ்சு வச்சுக்குங்க.

1989-இல் தருமபுரியில் தொடங்கின மகளிர் திட்டம், அடுத்த சில வருஷத்திலேயே நம்ம பழைய தென்னாற்காட்டுக்கும் வந்தது. அன்றைக்குக் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள் இன்று மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். பேங்கோ, கவர்மெண்டோ, எங்கே உட்கார்ந்தாலும் வெளியே நிற்பது யார் என்று பார்க்கச் சொல்லி உங்க பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்க. என்னிடம் அதைச் சொல்ல ஒரு பாட்டி மூணு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தது.