திண்டுக்கல்லில் எத்தனை எழுத்து?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பைத்தானில் ஸ்டிரிங் பற்றிப் பேசுப்பா, பிள்ளைகளுக்கு இன்டர்வியூவுக்கு உதவும்" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். ஸ்டிரிங்குக்குத் தமிழில் சரம் என்று நல்ல பெயர் இருக்கிறது. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் பக்கம் வளர்ந்த நமக்கு அதற்கு விளக்கம் வேண்டாம். பூவைத் தொடுத்தால் பூச்சரம், எழுத்தைத் தொடுத்தால் எழுத்துச்சரம். ஆனால் அதே மல்லிகையைத் தோட்டக்காரர் கிலோவில் நிறுப்பார், பூக்காரம்மா முழத்தில் அளப்பார். கணினியிலும் இதே கதைதான்.

நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். தி, ண், டு, க், க, ல். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணி ஆறு என்று சொல்லிவிடும். பைத்தானில் லென் போட்டுக் கேட்டால் 11 என்கிறது. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வருவதற்கு முன்னால், சாதாரணச் சரமாகக் கொடுத்தால் 33 என்று வரும். மூன்றும் சரிதான், அளவுகோல்தான் வேறு. 33 என்பது யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்க ஆகும் பைட்டுகள். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 11 என்பது யூனிகோடு குறிகள். 'தி' என்பது நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடுக்கு 'த' ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ஆக இரண்டு. 'ண்' என்றால் 'ண' ஒன்று, புள்ளி ஒன்று. இந்திய மொழிகளுக்காக 1988-ல் வந்த இஸ்கி அமைப்பைப் பின்பற்றியதால் யூனிகோடில் நம்முடைய 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. அப்படி இடம் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையையும் தமிழக அரசு 2010-ல் ஏற்றது. ஆனாலும் செல்போனிலும் இணையத்திலும் ஓடுவது யூனிகோடுதான். அதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அட்டையில் இடம் இல்லையென்று முதல் பத்துக் குறியோடு வெட்டினால் 'திண்டுக்கல்' என்பது 'திண்டுக்கல' ஆகிவிடும். கடைசிப் புள்ளி போச்சு. 'விகடகவி'யைத் திருப்பிப் போட்டு ஒப்பிடச் சொன்னால், கணினி 'இது ஒன்றல்ல' என்று சாதிக்கும். கடைசியில் இருந்த கொக்கி முன்னால் வந்து, பிடிக்க மெய் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும்.

இவை சிரிக்க வைக்கிற சங்கதிகள். சிரிக்க முடியாதது ஒன்று சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு, இரண்டிலும் பெயர் இருப்பவர்களுக்கே உதவித்தொகை என்று வைத்திருந்தார்கள். ஓர் அம்மாவுக்குப் பணம் நின்றுபோனது. பெயர் கௌசல்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே தெரிகின்றன. ஒன்றில் 'கௌ' என்று ஔகாரக் குறி. மற்றொன்றில் தட்டச்சு செய்தவர் ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' எழுத்தையே அடித்திருக்கிறார். நாம் பார்ப்பது உருவம், கணினி பார்ப்பது எண். அந்த அம்மா எத்தனை முறை பஸ் ஏறி வந்து ஆதார் அட்டையைக் காட்டினாலும் கவுன்டரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. அவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கொடைக்கானலுக்கும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம். கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளை அரைகுறையாக மாற்றினால் இப்படி உடைந்து வரும். இதற்கு மருந்து பைத்தான் கூடவே வருகிறது. யூனிகோடேட்டா தொகுதியின் நார்மலைஸ் கட்டளையில் என்.எஃப்.சி என்று கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒப்பிடுவதற்கு முன் இதைச் செய்யாத நிரலை நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப மாட்டேன்.

ஆனால் கௌசல்யாவுக்கு இந்த மருந்து கேட்காது. யூனிகோடு கணக்கில் ஔகாரக் குறியும் 'ள'வும் உறவே இல்லாதவை. அவசரக்காரத் தம்பி என்ன செய்வான்? கொம்புக்குப் பின் 'ள' வந்தால் ஔகாரமாக மாற்று என்று ஒரு வரி ரிப்ளேஸ் எழுதுவான். கௌசல்யா பிழைப்பார், வெள்ளைச்சாமி கெட்டார்! நம்ம பக்கத்து வெள்ளோடு ஊரும் கெட்டது. 'தெளிவு'ம் தெளிவில்லாமல் போகும். ஆகவே அந்த 'ள'வுக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனில் நிபந்தனை வைக்க வேண்டும். அப்போதும் மாற்றியவற்றைத் தனியாக அச்செடுத்து, தமிழ் தெரிந்த ஒருவர் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். 'ஒளவையார்' என்று அடிப்பதும் இதே வியாதிதான். 'ஒளி'யைத் தொடாமல் 'ஔவை'யைத் திருத்த வேண்டும்.

எழுத்தை எழுத்தாக எண்ண ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம் இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு ஆறு என்றே சொல்லும். பைத்தானில் தனியாக நிறுவிக்கொள்ளும் ரீஜெக்ஸ் தொகுதியும் இந்த வேலையைச் செய்யும்.

அகரவரிசை பற்றி ஒரு வார்த்தை. யூனிகோடில் 'ந'வுக்குப் பக்கத்திலேயே 'ன' உட்கார்ந்திருக்கிறது. 'ள' 'ழ'வுக்கு முன்னால் போய்விட்டது. சும்மா சார்ட் போட்டால் கமலாவுக்கு முன்னால் கனகா வருவார். தமிழ் வாத்தியார் ஒப்புவாரா?

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியல்கள் மூன்று விதமான எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாக்கி, அகரவரிசைப்படுத்தி, ஒருவர் பெயர் இருமுறை வராமல் தர வேண்டும். கணினித் துறையிலிருந்து நாலு பேர், தமிழ்த் துறையிலிருந்து இரண்டு பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே செயலாளர் அண்ணனிடம் பெயர் கொடுங்கள். கௌதம், கௌரி இருந்தால் அவர்களுக்கு முன்னுரிமை.