கொசுவை அறிவதற்கு ஆகும் செலவு

(ஓர் உரையின் எழுத்து வடிவம்)

மலேரியா ஒழிப்பிற்கென மத்திய அரசும் மாநில அரசுகளும் ஒதுக்கும் நிதியில் பெரும்பங்கு பூச்சிகொல்லி மருந்திற்கும், கொசுவலைக்கும், நோயாளிகளுக்கான மாத்திரைகளுக்கும் செலவாகிறது. அந்த மருந்து எந்தக் கொசுவின்மீது படவேண்டும், அக்கொசு எங்கே முட்டையிடுகிறது, மனிதனைக் கடிக்கிறதா மாட்டைக் கடிக்கிறதா, எத்தனை நாள் உயிர்வாழ்கிறது என்றெல்லாம் கண்டறியும் பணிக்குக் கிடைப்பதோ மிகச் சிறிய பகுதியே. இதில் வியப்பில்லை. சுவரில் தெளித்த மருந்து வெள்ளையாகத் தெரியும், பதிவேட்டிலும் ஏறும். மாட்டுக்கொட்டிலில் பிடித்த இருபது கொசுக்களை ஒருவர் உருப்பெருக்கியின் அடியில் வைத்து அறுத்துப் பார்ப்பது எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆயினும் முதற்செலவு பயன்தருவதும் வீணாவதும் இரண்டாவது செலவைப் பொறுத்தே அமைகின்றன.

இந்தியாவில் அனாபிலிஸ் வகைக் கொசுக்கள் ஏறக்குறைய 60 இனங்கள் உண்டு. அவற்றுள் மலேரியாவைக் குறிப்பிடத்தக்க அளவில் பரப்புபவை ஆறு இனங்களே. ஊர்ப்புறச் சமவெளிகளில் குலிசிபேசிஸ், நகரங்களில் ஸ்டீபென்சி, மலையடிவாரங்களில் புளூவியாடிலிஸ், வடகிழக்கில் மினிமஸ், அங்குள்ள காடுகளில் டைரஸ் தொகுதி, அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் உவர்நீரில் சன்டைகஸ் என இவை இடம் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், சிறகில் புள்ளிகளையுடைய ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதன்பின் எழுந்த முதல் வினா, ‘எந்தக் கொசு?’ என்பதே. அவ்வினா இன்னும் முற்றிலும் தீரவில்லை.

மலேரியா மருத்துவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று என்பதை முதலில் உணர்த்தியது பஞ்சாப். 1908இல் அங்குப் பரவிய பெருங்கொள்ளைக் காய்ச்சலை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் என்னும் அறிஞர், மழையளவோடு தானிய விலையையும் சேர்த்துப் பார்த்தார். பெருமழை கொசுவைப் பெருக்கிற்று. அதற்கு முன்னர் ஏறியிருந்த தானிய விலை மக்களின் உடல்வலிமையைக் குறைத்திருந்தது. இரண்டும் கூடிய இடத்தில் சாவு மிகுந்தது. 1930களின் நடுவில் சிண்டன் என்பவர் மலேரியாவினால் இந்தியாவிற்கு ஏற்படும் இழப்பைக் கணக்கிட முனைந்து, ஆண்டுதோறும் குறைந்தது 10 கோடிப் பேர் இந்நோயால் வருந்துவதாக மதிப்பிட்டார். அறுவடைக் காலத்தில் உழவன் படுக்கையில் கிடந்தால் இழப்பு அவன் வீட்டோடு நிற்பதில்லை என்பதை அவர் எழுத்து நிதித்துறையினர்க்கு எடுத்துக்காட்டிற்று. பொருளியல் பயில்வோர் இன்றும் படிக்கத்தக்க எழுத்து அது.

விடுதலையின்போது நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாகினர்; 8 இலட்சம் பேர் மாண்டனர் என்பது அக்கால மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. டி.டி.டி. மருந்தின் பயன் கொசுவின் ஒரு பழக்கத்தைச் சார்ந்தது. பெண் கொசு இரத்தம் குடித்தபின் பாரத்தோடு அருகிலுள்ள சுவரில் அமர்ந்து இளைப்பாறும். உள்ளே சென்ற ஒட்டுண்ணி வளர்ந்து கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடையப் பத்து நாள் அளவில் ஆகிறது. அதற்குள் அக்கொசு நாலைந்து முறை இரத்தம் தேடிவந்து, ஒவ்வொரு முறையும் சுவரில் அமரவேண்டும். ஆகவே எல்லாக் கொசுக்களையும் அழிக்கவேண்டுவதில்லை. அவற்றின் ஆயுளைச் சில நாள் குறைத்தாலே நோய்ச் சங்கிலி அறும். மருந்து மலிவாக இருந்தது. பலனும் விரைவில் கிட்டியது. 1958இல் கட்டுப்பாடு என்னும் சொல் ஒழிப்பு என மாறியது. 1965இல் நோயாளிகள் ஏறக்குறைய 1 இலட்சம். இறப்பு எதுவும் பதிவாகவில்லை.

1976இல் அந்த எண்ணிக்கை 64.7 இலட்சம்.

இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எண்ணெய் விலையேற்றத்தால் மருந்தின் விலை உயர்ந்தது. மருந்து உரிய காலத்தில் வந்துசேரவில்லை. பொதுச் சுகாதாரப் பணியாளர் அமைப்பு பல இடங்களில் ஆயத்தமாக இல்லை. நகரங்கள் நெடுநாள் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை மிக முன்னரே வந்திருந்தது. குசராத்தின் பஞ்சமகால் மாவட்டத்தில் குலிசிபேசிஸ் கொசு டி.டி.டி.க்கு மசியவில்லை என்பது 1959ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. ஒழிப்புத் திட்டத்திற்கு அப்போது வயது ஒன்று. டி.டி.டி. ஆண்டுக்கு இரு சுற்றுத் தெளித்தால் போதும். அதற்கு மாற்றான மாலத்தியானை மூன்று சுற்றுத் தெளிக்கவேண்டும். சதுர மீட்டருக்கு அளவும் இருமடங்கு. கொசுவின் எதிர்ப்பாற்றலுக்கு நாடு செலுத்தும் விலை இது. எந்த மாவட்டத்தில் அவ்விலையைக் கொடுத்தே தீரவேண்டும், எங்குக் கொடுக்கவேண்டுவதில்லை என்று கூறவல்லவர் பூச்சியியலாளர் ஒருவரே.

அவர்தம் பணி எளியதாகத் தோன்றும். விடியற்காலையில் பூச்சி சேகரிப்பவர் கைவிளக்கும் உறிஞ்சு குழாயும் கொண்டு குடிசைகளிலும் மாட்டுக்கொட்டில்களிலும் சுவரைத் துழாவுகிறார். ஒரு மணி நேரத்தில் ஒருவர் பிடித்தவை எத்தனை என்பதே அளவுகோல். பிடித்தவற்றை இனம் பிரித்து, வயிற்றிலுள்ள இரத்தம் மனிதனுடையதா மாட்டினுடையதா எனச் சோதிக்கின்றனர். சூற்பையைப் பார்த்து அது முன்பே முட்டையிட்ட கொசுவா என அறிகின்றனர். உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணியைத் தேடுகின்றனர். உயிருள்ள சிலவற்றை 4 விழுக்காடு டி.டி.டி. தோய்ந்த தாளோடு ஒரு மணி நேரம் அடைத்துவைத்து, மறுநாள் எத்தனை இறந்தன என்று எண்ணுகின்றனர். நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்தாலும் ஒட்டுண்ணியுள்ள ஒன்றே ஒன்று கிடைப்பதும் உண்டு. ஒன்றும் கிடைக்காத நாள்களே மிகுதி. அலுவலகக் குறிப்பேட்டில் இதனைச் ‘சாதனை’ என்று எழுதுதல் கடினம்.

இப்பணியின் பொருளாதாரப் பயனைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஊர்ப்புற மலேரியாவில் பெரும்பகுதிக்குக் காரணமான குலிசிபேசிஸ் ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1980இல் தொடங்கிய ஆய்வுகளில், சூற்பை உயிரணுக்களிலுள்ள குரோமோசோம்களின் கோடுகளைக் கொண்டு, அது ஒன்றல்ல, உருவத்தால் பிரித்தறிய இயலாத பல உடன்பிறப்பு இனங்களின் தொகுதி எனத் தெரியவந்தது. அவை ஏ, பி, சி, டி, ஈ எனப் பெயர் பெற்றன. இவ்வாய்வுகளில் 1977இல் அமைந்த மலேரியா ஆராய்ச்சி மையத்தின் சரளா சுப்பாராவ் முதலியோரின் பங்கு பெரிது. ஏ இனம் நோயைப் பரப்புவது. பி இனம் மாட்டின் இரத்தத்தையே பெரிதும் நாடுவது, நோய் பரப்பும் ஆற்றல் மிகக் குறைந்தது. மேலும், டி.டி.டி.க்கு ஏ இனம் பி இனத்தைவிட எளிதில் மாள்வது. இரண்டும் கலந்து வாழும் ஊரில் சோதனைத்தாள் ‘மருந்து பயனற்றது’ என்று கூறும்; நோயோ குறைந்துகொண்டிருக்கும். பி இனம் மட்டுமே மிக்குள்ள வட்டாரத்தில் கொசு திரளாக இருக்கும். மலேரியாவோ அரிதாக இருக்கும். அங்கே தெளிக்கும் மருந்து மாட்டைக் காக்கலாம். வரவுசெலவுத் திட்டத்தில் அதற்குத் தலைப்பு இல்லை.

இந்த விதிக்கு இராமேசுவரம் தீவு முரணாக நின்றது. குரோமோசோம் கோடுகளைப் பார்த்தால் அங்குள்ளது பி இனம். ஆனால் மலேரியா ஓயவில்லை. கொசுக்களின் ஆண் வழித்தோன்றல்களை ஆராய்ந்தபோது ஒய் குரோமோசோமின் வடிவம் இருவகையாக இருந்தது. அவற்றுள் ஒருவகை உண்மையான பி. மற்றது நோய் பரப்பும் தனி இனம். 1999இல் அது ஈ எனப் பெயரிடப்பட்டது. பி பரப்பாது என்னும் பொதுவிதியை அப்படியே நம்பித் தீவில் மருந்தை நிறுத்தியிருந்தால் விளைவு என்னவாகியிருக்கும் என்பதை விளக்கவேண்டுவதில்லை.

நீர்ப்பாசனத் திட்டங்களிலும் இத்தகைய அறிவு உழவனுக்கு நன்மை செய்துள்ளது. காவிரி–மேட்டூர்த் திட்டத்தின் புதுக் கால்வாய்கள் பாய்ந்த பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியா பெருகியபோது பழி நெல்வயலின்மீது விழுந்தது. ரசலும் ராமச்சந்திர ராவும் அங்கு நடத்திய ஆய்வு, பயிர் ஏறக்குறைய ஓரடி உயரம் வளர்ந்தபின் குலிசிபேசிஸ் அவ்வயலில் முட்டையிடுவதில்லை என்று காட்டியது. நீர்ப்பரப்பின்மீது தாழ்ந்து பறந்தபடியே முட்டையிடும் அக்கொசுவுக்கு நிமிர்ந்து நிற்கும் தாளே தடை. எனவே கவலைக்குரியது நாற்று நட்ட தொடக்க வாரங்களும், கால்வாயோரக் குழிகளில் தேங்கும் நீருமே, நெல் முழுவதுமன்று. குசராத்தின் கேடா மாவட்டத்தில் 1983 முதல் மலேரியா ஆராய்ச்சி மையம் மருந்தை ஒதுக்கி, பள்ளங்களைத் தூர்த்தும் புழு தின்னும் மீன்களை விட்டும் நடத்திய முயற்சியும் இதே வழியில் வந்தது.

நகரத்துக் கொசுவான ஸ்டீபென்சியின் கதை வேறு. கிணறும் மாடி நீர்த்தொட்டியும் அதன் பிறப்பிடங்கள். கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் அதற்கு வாழிடம். நகர மலேரியாத் திட்டம் 1971இல் தொடங்கியதும் இதனால்தான். இக்கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும், 2016இல் எத்தியோப்பியாவிலும் காணப்பட்டது. ஊர்ப்புற நோயாகவே மலேரியாவை அறிந்திருந்த அந்நாடுகளுக்கு, மூடியில்லாத தொட்டியைப் பற்றி இந்திய நகராட்சிகள் கற்ற பாடங்கள் இப்போது தேவைப்படுகின்றன. அப்பாடங்களை நம் நகராட்சிகளே முழுமையாகக் கடைப்பிடிப்பதில்லை என்பது வேறு செய்தி.

அரசின் கணக்குப்படி 2015இல் 11.69 இலட்சமாக இருந்த மலேரியா நோயாளிகள் 2023இல் 2.27 இலட்சமாகக் குறைந்தனர். இறப்பு 384இலிருந்து 83 ஆகியது. உள்நாட்டில் தொற்றும் நோயாளியே இல்லாத நிலையை 2027க்குள் அடைந்து, 2030க்குள் நோயை அகற்றுவது இலக்கு. இறங்குமுகமான இவ்வெண்களில்தான் ஓர் இடர் மறைந்துள்ளது. நோயாளி குறையக் குறைய, பூச்சியியலாளர் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதும், பூச்சி சேகரிப்பவரை வேறு வேலைக்கு அனுப்புவதும் சிக்கனமாகத் தோன்றும். நோயாளி இல்லாத ஊரில் நோய் திரும்புமா என்பதை மருத்துவமனைப் பதிவேடு முன்கூட்டிச் சொல்லாது; கொட்டிலில் பிடித்த கொசுவே சொல்லும். ஆகையால் ஒரு மாவட்டம் மலேரியா அற்றதென அறிவிக்கப்படும்போது அங்குள்ள மருந்துத் தெளிப்பைக் குறைத்துப் பணம் மிச்சப்படுத்தலாம். அந்த மிச்சத்தில் ஒரு சிறு பகுதியை, குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு, அம்மாவட்டத்தின் கொசு ஆய்வுப் பணிக்கென்றே தனித் தலைப்பில் நிறுத்திவைத்தல் வேண்டும். வேறு தலைப்பிற்கு மாற்ற இயலாதபடி.