காற்றுக்கு யார் பூட்டுப் போட்டது?

(கிளைக் கழகப் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேசப் போகும் பொருள் வானொலி என்று நான் சொன்னதும், கூட்டம் கூட்டிய தோழர்களின் முகம் சற்றே சுருங்கிற்று. விலைவாசி இருக்கிறது, நிதிப் பங்கீடு இருக்கிறது, மாநில உரிமை இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு வானொலியா என்பது அவர்களின் ஐயப்பாடு. மாநில உரிமையைப் பற்றித்தான், தோழர்களே, பேசப் போகிறேன். அதனைச் சட்டப் புத்தகத்தின் அட்டவணையிலே தேடாமல், நம் தலைக்கு மேலே உலவும் காற்றிலே தேடப் போகிறேன், அவ்வளவுதான்.

சென்னையிலே முதன்முதலாக ஒலிபரப்பு நடத்தியது யார்? டில்லி என்று எண்ணுவீர்கள். அல்ல! கிருஷ்ணசாமி செட்டியார் என்பவரும் அவருடைய நண்பர்களும் சென்னை மாகாண வானொலிச் சங்கம் என்று ஒன்றைக் கண்டு, 1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கினர். பணமுடை நெருக்கிற்று, 1927-இல் சங்கம் ஓய்ந்தது. கருவி யார் கைக்குப் போயிற்று? சென்னை மாநகராட்சியின் கைக்கு! 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்திற்று. மாலையிலே இசை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள். பெட்டி வாங்க வகையற்ற ஏழையும், காற்று வாங்கப் போன இடத்திலே கச்சேரி கேட்டான். குழாய்த் தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பேற்ற மன்றமே பாட்டுக்கும் படிப்புக்கும் பொறுப்பேற்ற காலம் அது.

1938-ஆம் ஆண்டு ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. மாநகராட்சியின் குரல் அடங்கியது. அந்த நிலையம் செய்த நற்பணிகளை மறுப்பவனல்லன் நான். நாதசுரத்தையும் நாடகத்தையும் உழவனுக்கு வேண்டிய செய்தியையும் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது அது. ஆனால் இசைத்தட்டு சென்னையில் சுழன்றாலும், சாவி டில்லியில் இருந்தது. 1885-இல் தந்திக்காக வெள்ளையன் எழுதிய சட்டமே வானொலிக்கும் பூட்டாயிற்று. வெள்ளையன் போனான், பூட்டு போகவில்லை, சாவிதான் கைமாறிற்று! 'ஆல் இந்தியா ரேடியோ' என்னும் பெயரைக் கைவிட்டு 'ஆகாசவாணி' என்றே அறிவிக்க வேண்டும் என்று 2023-இல் ஆணை பிறந்ததே, அந்தத் துணிவு அந்தச் சாவி தந்த துணிவன்றி வேறென்ன?

பூட்டை அசைத்தது எது தெரியுமா? கிரிக்கெட்! வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் ஒளிபரப்பு உரிமை பற்றி எழுந்த வழக்கிலே, 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: வான் அலைகள் பொதுச் சொத்து, அரசின் தனியுடைமையுமல்ல, பணம் படைத்தோரின் தனியுடைமையுமல்ல. ஆற்று நீரைப் போல, ஊர்ப் பொதுக் குளத்தைப் போல! பந்தாட்டத்திலே தொடங்கிய வழக்கு, பாமரனுக்கு நீதி பேசி முடிந்தது.

தீர்ப்பு வந்தும் கதவு திறக்கப் பல ஆண்டுகள் ஆயின. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், நம் அண்ணாவின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்திலே இந்தியாவின் முதல் சமுதாய வானொலி ஒலித்தது. 2006-இல்தான் தொண்டு அமைப்புகளுக்கும் வழிவிட்டனர். நூறு வாட் ஆற்றல்தான் பொதுவான வரம்பு. நம் வீட்டுத் திண்ணையிலே ஒரு காலத்தில் எரிந்த குண்டு விளக்கின் அளவு! அந்த விளக்கொளியில் எத்தனை முகங்கள் தெரிகின்றன என்று பாருங்கள்.

தெலங்கானாவிலே, அந்நாளைய மேதக் மாவட்டத்திலே, மச்சனூர் என்றொரு சிற்றூர். தாழ்த்தப்பட்ட சமுதாயத்துப் பெண்கள், புழுதிக் காட்டில் தினையும் சோளமும் விளைவிப்போர், அங்கே 'சங்கம் ரேடியோ' நடத்துகின்றனர். 1990-களின் இறுதியிலேயே பயிற்சி பெற்று, ஒலிநாடாவிலே பதிந்து பதிந்து வைத்து, உரிமத்துக்காகப் பத்தாண்டு காத்திருந்தனர். 2008 அக்டோபர் 15-இல் அதனைத் தொடங்கி வைத்தவர் யார்? 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பை வழங்கிய நீதிபதிகளுள் ஒருவரான பி. பி. சாவந்த்! தீர்ப்பு எழுதிய கை, அத்தீர்ப்பின் பயனை ஓர் ஊர்ச் சாவடியிலே தொட்டுப் பார்த்தது. விதை காப்பது எப்படி, மூலிகை எது, நாற்று நடும் பாட்டு எது என்று அவர்கள் பேசுவது அவர்களின் தெலுங்கு; நகரத்துத் தெலுங்கு அன்று.

நம் பாம்பனுக்கு வாருங்கள். 2016 ஆகஸ்டு 15 முதல் அங்கே 'கடல் ஓசை' ஒலிக்கிறது. மீனவனுக்காக மீனவர் நடத்தும் வானொலி. காற்று எப்படி, அலை எப்படி, கடல் ஏன் வெப்பம் கொள்கிறது, எந்த மீன் ஏன் அருகி வருகிறது என்று அறிவியலைக் கரைக்கே கொண்டுவந்து இறக்குகிறது. இடையிலே கடலோரப் பாட்டும் உண்டு.

இங்கேதான், தோழர்களே, என் நெஞ்சில் தைத்த முள் இருக்கிறது. விடியலிலே ஒரு படகு திரும்பவில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றது என்று கரையிலே கூக்குரல் எழுகிறது என்று வைத்துக் கொள்வோம். துறைக்குப் போய், விசாரித்து, தன் செய்தியாக அதனை அறிவிக்க அந்த வானொலிக்கு உரிமை உண்டா? இல்லை! சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லலாகாது என்பது விதி. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்துச் சொல்லலாமாம்! பாம்பன் துறையிலே அழும் தாயின் செய்தி, டில்லிக்குப் போய், அங்கே ஏற்கப்பட்டு, மீண்டும் பாம்பனுக்கு வந்தால், அப்போது பாம்பன் கேட்கலாம்.

செய்தித்தாளிலே அச்சிடலாம், தொலைக்காட்சியிலே நாள் முழுதும் கூச்சலிடலாம், வானொலியிலே மட்டும் கூடாது! கண்ணுக்குத் தந்த உரிமை காதுக்கு ஏன் இல்லை? பாதுகாப்பு என்கின்றனர். ஒலிபரப்பிய ஒவ்வொன்றையும் மூன்று திங்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று விதி எழுதியவரும் அவரேயல்லவா? பெயரும் முகவரியும் தெரிந்த ஊர் நிலையத்தைக் கண்டு அஞ்சுவோர், கைப்பேசியிலே பறக்கும் முகவரியற்ற வதந்தியை என்ன செய்துவிட்டனர்? இத்தடையை எதிர்த்து 2013-இல் 'காமன் காஸ்' என்னும் பொதுநல அமைப்பு உச்சநீதிமன்றம் சென்றது. நாமும் நாடாளுமன்றத்திலே கேட்க வேண்டிய கேள்வி இது.

"அப்படியானால் கழகத்துக்கும் ஒரு நிலையம் கேட்கலாமே" என்றார் ஓர் இளந்தோழர். கூடாது, தம்பி! அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் துணை அமைப்புகளுக்கும் உரிமம் இல்லை என்கிற விதி ஒன்றும் அங்கே உண்டு. அதனை நான் ஏற்கிறேன். கைதட்டல் குறைகிறது, தெரிகிறது, இருந்தாலும் சொல்கிறேன். நமக்கு மேடை இருக்கிறது, ஏடு இருக்கிறது. நாம் ஒன்று பெற்றால் எதிரணியும் ஒன்று பெறும். பொதுக் குளத்திலே இரண்டு படித்துறைக்கும் கொடி நட்டுவிட்டால், தண்ணீர் எடுக்க வந்தவள் எங்கே இறங்குவாள்? நம் ஊராட்சித் தலைவரின் ஊழலையும் அந்த வானொலி சொல்லட்டும். சொன்னால் சிலர் வலிக்கிறது என்பார்கள்; வலிக்கட்டும்.

உங்கள் வட்டாரத்திலே இத்தகைய நிலையம் இருக்குமானால், இந்த வாரமே சென்று பாருங்கள். பொன்னாடை வேண்டாம், புகைப்படக்காரர் வேண்டாம். பறை கொட்டத் தெரிந்த பெரியவர் ஒருவரையும், பள்ளியிலே அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரையும் அழைத்துச் சென்று, ஒலிவாங்கியின் முன் அமர்த்திவிட்டு, நீங்கள் வாசலிலே நில்லுங்கள்.