மட்டக்களப்பு வாவியோரத்தில் விடுமுறை

விடுமுறை என்றால் கடற்கரை என்று எண்ணும் வழக்கத்தைப் பெரிதும் பரப்பியவர்கள் ஆங்கிலேயரே. புகையிரதப் பாதைகள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளரும் எழுதுவினைஞரும் ஆண்டுக்கொரு தடவை குடும்பத்தோடு கடலோர மாவட்டங்களுக்குப் புறப்பட்டனர். சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு 1938இல் அந்நாட்டில் சட்டமும் இயற்றப்பட்டது. நார்ஃபோக் மாவட்டத்துக்குச் செல்வோர் குரோமர் ஊரின் நண்டை உண்பர். பிராட்ஸ் என்னும் நீர்நிலைகளிற் படகோட்டுவர். அந்நீர்நிலைகள் இயற்கையாய் அமைந்தவை அல்ல. இடைக்கால மக்கள் விறகுக்குப் பதிலாக எரிக்க முற்றா நிலக்கரியை வெட்டியெடுத்த பள்ளங்களில் நீர் புகுந்து உண்டானவை அவை.

இலங்கையின் கிழக்குக் கரையிலே நண்டும் உண்டு, படகும் உண்டு, கடலும் உண்டு. பள்ளத்தை மட்டும் எவரும் வெட்டவில்லை. வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பகுதி வரையில் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலை ஒட்டியே கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றிடல் ஒன்று நீள்கிறது. கதிரவன் எழும் பக்கமாகிய அத்திடலை எழுவான்கரை என்றும், அவன் படும் பக்கமாகிய மேற்கு வயல்நிலத்தைப் படுவான்கரை என்றும் அவ்வூரார் வழங்குவர். திசைகளுக்கு இதனினும் எளிய பெயர் வேண்டுமோ? இவ்விரண்டு சொற்களையும் மனத்தில் வைத்துக்கொண்ட ஒருவருக்கு அந்நாட்டில் வழி தவறுவது அரிது.

எப்பொழுது செல்வது என்பதே முதற் கேள்வி. கார்த்திகை தொடங்கித் தை வரையும் வாடைமழை அங்கே வெளுத்து வாங்கும். வயலும் வழியும் வாவியும் ஒன்றாகிவிடும் நாட்களும் உண்டு. சித்திரை முதல் ஆவணி வரையுள்ள காலமே உகந்தது. அப்பொழுது மேற்கிலிருந்து வரும் உலர்ந்த காற்றைக் கச்சான் என்பர். இலங்கையில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர் ஆதலால், மாலையில் கல்லடிக் கடற்கரையில் அமர்ந்து கச்சான் காற்றில் கச்சான் உண்பது விடுமுறையாளர்க்கு வாய்க்கும் இரட்டைப் பேறு.

நகரின் நடுப்பகுதி புளியந்தீவு. பெயருக்கேற்பத் தீவேயாம். அதன் ஓரத்தில் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். பத்தே ஆண்டில், 1638இல், கண்டி மன்னனுடன் கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் கைக்கொண்ட முதற் கோட்டை அதுவே. இருபுறம் வாவியும் இருபுறம் அகழியும் காக்க, நான்கு கொத்தளங்களோடு அமைந்த அக்கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி நடைபெற்றது. பீரங்கிக்கெனக் கட்டிய மதிலுக்குள்ளே காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் மக்கள் காத்திருந்த காட்சியில் சரித்திரத்தின் நகைச்சுவை இல்லாமற் போகவில்லை.

கோட்டை கட்டியவர் போய்விட்டனர். அவர்கள் மொழி முற்றாகப் போகவில்லை. மட்டக்களப்பிலே வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரின் இல்லங்கள் சிலவற்றில் பழைய போர்த்துக்கேயக் கலப்பு மொழி இன்னும் பேசப்படுகிறது. திருமண வீடுகளில் வயலின் இசைக்குக் கப்றிஞா என்னும் ஆட்டத்தை அவர்கள் ஆடுவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலை, கடலோரத்தில் அவர்கள் குடியிருந்த பகுதியையும் அழித்தது. எஞ்சியோர் வேறிடங்களிற் குடியேறினர். பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் படிக்கின்றனர். தாத்தாவின் மொழியைக் கேட்டு விளங்கிக்கொள்வோர் தொகை ஆண்டுதோறும் சுருங்குகிறது. கோட்டையைப் பார்ப்பவர்கள் கல்லை மட்டும் பார்த்துத் திரும்பாமல் இதனையும் எண்ணிப் பார்ப்பது தகும்.

புளியந்தீவில் வாவியை நோக்கி நிற்கும் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியாரின் சிலையும் காணத்தக்கது. 1814இல் வந்திறங்கி, அவ்வாண்டே பாடசாலையைத் தொடங்கி, மறு ஆண்டே அவர் காலமானார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் வைத்த வித்து. பாலத்தைக் கடந்து கல்லடி உப்போடைக்குச் சென்றால், விபுலாநந்த அடிகள் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும் அதனருகே அடிகளின் சமாதியும் உள்ளன. காரைதீவிலே 1892இற் பிறந்த அடிகள், பழந்தமிழரின் யாழ்க் கருவியைக் கணக்கிட்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

இசையை ஆராய்ந்த அப்பெரியார் பிறந்த மண்ணுக்கு மீன் பாடும் தேனாடு என்ற பெயர் வழங்குவது பொருத்தமே. அப்பாட்டைக் கேளாமல் மட்டக்களப்பு விடுமுறை நிறைவுறாது. கேட்பதற்கோ பொறுமை வேண்டும். கச்சான் காலத்து நிலவு நாள், காற்று ஓய்ந்த முன்னிரவு, கல்லடிப் பாலத்தின் அயல், சிறு தோணி ஒன்று, பேசாதிருக்கத் தெரிந்த துணை: இவ்வளவும் அமைதல் வேண்டும். துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறு முனையைக் காதோடு சேர்த்துப் பிடித்தால் மெல்லிய ஒலிகள் கேட்கும் என்பர். 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் இவ்வொலியைத் தேடிச் சென்றவர் அன்றைய இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் தெனன்ற். தோணியின் பலகையிற் காதை வைத்தபோது ஒலி பெருகிக் கேட்டதாகவும், அது நீண்ட ஒற்றைச் சுரமாக அமையாமல் பற்பல சிற்றொலிகளின் கூட்டமாய் இருந்ததாகவும் அவர் எழுதி வைத்தார். பாடுவது எது என்று அவர் வினவ, மீனவர்கள் காட்டியது மீனை அன்று. ஊரி எனப்படும் சிப்பியினத்தை!

மீனோ, ஊரியோ? இன்றுவரை ஐயந்திரிபறத் தீர்ந்தபாடில்லை. காற்றுப் பையின் தசையை அதிரச் செய்து ஒலி எழுப்பும் மீன்கள் உலகின் பல கடல்களில் உண்டு என்பதனால் மீன் கட்சிக்கே வலு அதிகம். புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த லாங் என்னும் அமெரிக்க யேசு சபைக் குரு, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வொலியைப் பதிவு செய்தார். விபுலாநந்த அடிகளோ இவ்வாவியின் இசையை நீரர மகளிரின் பாட்டாகக் கற்பனை செய்து செய்யுள் யாத்தார். விஞ்ஞானமும் கவிதையும் ஒரே நீரின் மேல் காதை வைத்தன.

இன்று அங்கே செல்வோர் பலர் ஒன்றும் கேளாமலே திரும்புகின்றனர். 1924இல் அமைந்த பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்திலே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஊர்திகளின் இரைச்சலும், இயந்திரப் படகுகளின் உறுமலும், நகரத்துக் கழிவும் நாளுக்கு நாள் பெருகிவரும் நீரில், மெல்லிய ஒலி ஒன்று அடங்கிப்போனால் அதில் வியப்பில்லை. கண்டல் மரங்கள் வெட்டப்பட்ட கரைகளில் மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில் இல்லை. மீன் பாடுவதைக் கேட்க முடியவில்லையே என்று வருந்தும் விருந்தினர், தாம் கொண்டு சென்ற பிளாத்திக்குப் போத்தலை நீரில் எறியாதிருந்தால் அதுவே பெரும் உதவி.

வாவிக்கு உயிர்நாடி முகத்துவாரம். பாலமீன்மடுவில், 1913இல் எழுந்த வெளிச்சவீட்டின் அண்மையில், வாவி கடலோடு கலக்கும் வாயில் உள்ளது. வறண்ட மாதங்களில் மணல் அவ்வாயை அடைத்துவிடும். மழை வந்து நீர் பெருகினால் வாயை வெட்டிவிட வேண்டும். நெல் அழுகுமே என்று பதறும் வயற்காரர் விரைந்து வெட்டச் சொல்வர். நீரோடு இறாற் குஞ்சும் கடலுக்குப் போய்விடுமே என்று மீனவர் தயங்குவர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. படகிலேறிக் கண்டற் கரைகளைச் சுற்றிப் பார்க்கும் உல்லாசப் பயணிக்கு அழகாய்த் தோன்றும் மணற்றிட்டு, ஊராருக்கு ஆண்டுதோறும் வரும் வழக்கு. வாவியில் முதலைகள் உண்டாதலால், படகிலிருந்து பார்ப்பதோடு நின்று, குளிப்பைக் கடலுக்கு ஒத்திவைப்பது நல்லது.

படுவான்கரைக்குக் கடப்பது தனி இன்பம். பயணிகளையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை அங்கே பாதை என்பர். தரைமேற் கிடப்பதே பாதை என்று பழகியவர்களுக்கு, நீர்மேல் நகரும் பாதை சற்றே திகைப்பூட்டும். மண்முனையில் 2014இல் பாலம் வந்ததும் அத்துறையின் பாதைக்கு வேலை ஒழிந்தது. நோயாளியை நள்ளிரவில் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லத் துறையிற் காத்துக் கிடந்தவர்களுக்கு அப்பாலம் எத்தகைய வரம் என்பதை, மிதவைப் பயணத்தின் அழகை மட்டும் பேசுவோர் மறந்துவிடலாகாது.

அக்கரையிலே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம் உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் அங்குள்ள கல் நந்தி எழுந்து புல் தின்றது என்பது ஐதிகம். தெற்கே மண்டூரில் முருகன் கோயில். அங்கே கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, கதிர்காமத்திற்போல மந்திரமின்றி மௌனமாகவே பூசை செய்வர். வைகாசியில் சென்றால் ஊருக்கூர் கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும் காணலாம். சிலம்பின் நாயகிக்குச் சோழநாட்டினும் மிகுதியாய் இங்கே அடியார் உண்டு போலும்!

அறுவடை முடிந்த காலமாயின் கூத்தும் கிடைக்கும். வட்டக்களரியிலே மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, அண்ணாவியார் பின்நின்று பாட, விடியுமட்டும் நடைபெறும் வடமோடி தென்மோடிக் கூத்துகள் இன்னும் கிராமங்களில் வாழ்கின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு சென்றபோதே நகரத்தார் பலருக்கு இதன் அருமை தெரிந்தது. மேடையிற் கண்டது சுருக்கமே. களரியில் பாயை விரித்து, தேநீரோடு, குழந்தைகள் மடியில் உறங்க, முழு இரவும் பார்ப்பதே கூத்து.

கடல் நாடுவோர் வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் சென்று பாசிக்குடாவையும் கல்குடாவையும் அடைவர். பாசிக்குடாவில் முழங்கால் அளவு நீரில் வெகுதூரம் நடந்து செல்லலாம். சிறு பிள்ளைகளுக்கு அதனினும் வாய்ப்பான கடல் இலங்கையில் அரிது. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும், பின்னர் உள்நாட்டுப் போரும், ஆழிப்பேரலையும் வெறிதாக்கிய அக்கரையில், போர் ஓய்ந்தபின் பெரிய விடுதிகள் வரிசையாய் எழுந்தன. ஊர்க்குடும்பங்கள் கட்டுச் சாதத்தோடு வந்து குளிக்கும் பொதுக் கரை ஒரு பக்கம், விடுதிகளின் கரை ஒரு பக்கம் என்றாயிற்று. இவற்றுள் எது கலகலப்பானது என்பதை ஒரு ஞாயிறு மாலையில் கண்டுகொள்ளலாம்.

மட்டக்களப்புக்கு நேரே கடலடியில் 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்பிரல் 9ஆந் தேதி ஜப்பானிய விமானங்கள் அதனை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். நன்கு பயின்ற சுழியோடிகளுக்கே அங்கு இறங்கத் தகும். ஏனையோர் நாவலடிக் கரையில் ஆழிப்பேரலையில் மறைந்தவர்களின் நினைவிடத்தருகே சற்று நின்று, அதே கடலைப் பார்த்து வரலாம்.

உணவைப் பற்றிக் கூறாது விடின் மட்டக்களப்பார் பொறுக்கமாட்டார். வாவி நண்டுக் குழம்பும் இறாற் பொரியலும் ஒருபுறமிருக்க, மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரே அந்நாட்டின் பெருமை. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிரே நல்ல தயிர். காத்தான்குடிக்குச் சென்றால் தெரு நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாய் நிற்பதைக் காணலாம்; மருதமுனைக்குச் சென்றால் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்கலாம். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல அடுத்தடுத்து வாழும் நிலம் என்று ஊரார் கூறுவர். போர்க்காலத்தில் அந்தப் பிட்டுக் குழல் பலமுறை உடைந்ததும் உண்மை. இன்று சந்தையில் இருவரும் ஒரே மீனுக்கு விலை பேசுகின்றனர்.

திரும்பும் புகையிரதத்தில் ஏறுவோர் பெரும்பாலும் கையில் ஒரு தயிர்ச் சட்டியோடு ஏறுவர். கொழும்பு வரையும் அதனைச் சரியாமற் பிடித்துச் செல்வது எளிதன்று. வாழையிலையால் மூடிக் கயிற்றாற் கட்டித் தரும்படி கடைக்காரரைக் கேட்டு வாங்கிக்கொள்வது நலம். மடியில் வைத்தல் இன்னும் நலம்.