சொட்டு மருந்து நாளும் நம் மஹல்லாவும்



வட்டார ரோட்டரி சங்கத்தார் நம் மதரஸாவில் கண்புரை முகாம் நடத்தவிருக்கின்றனர். முதியோரை அழைத்து வாருங்கள். அதனினும் முக்கியமானது, அவர்கள் துணைநிற்கும் போலியோ சொட்டு மருந்து நாள்.

போலியோ ஒழிப்புப் பணியை ரோட்டரி 1985-இல் தொடங்கிற்று. 1988-இல் உலகெங்கும் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேரை அந்நோய் முடக்கியது. உத்தரப் பிரதேசத்திலோ, மருந்து புகட்டினால் பிள்ளைப்பேறு அற்றுப்போகும் என்ற புரளியால் பல வீடுகளின் கதவுகள் அடைபட்டன. அவற்றைத் திறக்கச் செய்தவர்களுள் உலமாக்களும் உண்டு. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளிலேயே அறிவித்தனர். இந்தியாவில் அந்நோய் கடைசியாகத் தாக்கியது, 2011 ஜனவரியில், ஹவுராவில் ஒரு பெண் குழந்தையை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது.

அந்தப் புரளி அந்நாளில் நம் செவியிலும் விழுந்தது. மிம்பரில் நின்று மறுக்காமல் வாளாவிருந்தோம். அது நம் குறையே.

‘ஒழிந்த நோய்க்கு மருந்தெதற்கு?’ எனச் சிலர் வினவுகின்றனர். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அக்கிருமி இன்னும் ஒழியவில்லை. பயணிகளோடு இங்கும் வரக்கூடும்.

நாள் குறித்து ஜும்ஆவில் அறிவிப்போம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மதரஸாவுக்குக் கொண்டுவாருங்கள். சென்ற முறை கதவு திறக்காத வீடுகளுக்கு, இன்ஷா அல்லாஹ், நிர்வாகிகளோடு நாமே வருவோம்.