பிள்ளைக்கு முந்தி ஒரு கன்று
(கிராமத் தம்பதிகளுக்கான உரை)



குடும்பநலக் கூட்டம் என்று கூப்பிட்டுவிட்டு மரம் வைப்பதைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

2019–21இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. கீரையிலும் கேழ்வரகிலும் பருப்பிலும் இரும்புச் சத்து இருக்கிறது. ஆனால் நம் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தச் சாப்பாட்டோடு உயிர்ச்சத்து 'சி' சேர்ந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். 100 கிராம் கொய்யாப் பழத்தில் இந்தச் சத்து சுமார் 200 மில்லிகிராம் உண்டு. விலை கொடுத்து வாங்குகிற ஆரஞ்சில் இருப்பதைவிட இது பல மடங்கு.

"தோட்டம் போட எங்ககிட்ட நிலம் ஏதுங்க?" என்று கேட்பீர்கள். நிலம் வேண்டாம். கொல்லைப்புறம் போதும். ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை, இரண்டு பப்பாளி, ஒரு வாழை. இவ்வளவுதான்.

எப்போது வைப்பது? பிள்ளையின் கணக்கை வைத்தே சொல்கிறேன். பப்பாளிக் கன்று நட்ட ஒன்பது, பத்து மாதத்தில் பழம் தரும். தாய்க்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது வைத்தால், குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்குகிற சமயத்தில் பழம் கையில் இருக்கும். நன்றாகப் பழுத்ததை மசித்து ஊட்டலாம். கண்ணுக்கு நல்லது. பதியன் போட்ட கொய்யா இரண்டு, மூன்று வருஷத்தில் காய்க்கும். பப்பாளி ஓய்கிற நேரத்தில் கொய்யா வந்துவிடும். அதுவரை அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடுங்கள். நெருக்கி வைத்த கன்றும் தேறாது, நெருக்கிப் பெற்ற தாயும் தேறமாட்டாள். தள்ளிப்போடும் வழிகளைச் செவிலியரிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள்.

இனி நடும் முறை. கொய்யாவுக்கும் பப்பாளிக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி இருக்கும்படி குழி எடுங்கள். எலுமிச்சைக்கு இரண்டரை அடி. சில நாள் ஆறவிட்டு, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். பப்பாளிக்கு ஆறடி இடைவெளி விடுங்கள். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் பதினைந்து அடியாவது வேண்டும். பப்பாளியில் ஆண் மரம் காய்க்காது. ஆகவே கோ.7 ரகம் கேட்டு வாங்குங்கள். அதில் ஆண் மரத் தொல்லை இல்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்குகிற இடத்தில் பப்பாளி வைத்தால் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். பப்பாளியை மேட்டில் வையுங்கள். அந்தத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடுங்கள். தண்ணீர் தேங்காவிட்டால் கொசுவும் குறையும்.

கர்ப்பிணிகள் பப்பாளிக் காயைத் தொடவே வேண்டாம். பழம் தின்னவும் தயக்கம் இருந்தால் கொய்யா சாப்பிடட்டும். கீரை, பருப்புச் சாதத்தில் எலுமிச்சை பிழிந்து கொள்ளலாம். சாப்பிட்ட உடனே டீ, காப்பி குடிக்க வேண்டாம். அவை இரும்புச் சத்தைத் தடுத்துவிடும். பழம் தின்கிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான்காம் மாதத்திலிருந்து 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும்.

கடைசியாக, தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. மரம் காய்த்ததும், "சந்தைக்குப் போட்டா நாலு காசு வருமே" என்று தோன்றும். மிஞ்சியதை விற்றுக் கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் முதல் பழம் வீட்டுக்கு. வீட்டிலும் எல்லோரும் தின்று மிச்சம் இருந்தால் அம்மாவுக்கு என்பதே நம் வழக்கமாக இருக்கிறது. இரத்தம் குறைந்து நிற்பவள் அவள்தான். அவள் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

அடைமழை விட்டதும் குழி எடுங்கள். தோட்டக்கலைத் துறைப் பண்ணையில் கன்று கேளுங்கள். குழியை அவர் வெட்டட்டும், கன்றை அம்மா வைக்கட்டும்.