விரலின் குறிப்பறியும் கட்டை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் காலனியில் வீணை உள்ள வீடுகள் சிலவே. மின்சாரக் கீபோர்டு உள்ள வீடுகளோ பல. ஆயினும் அதில் தோடி வாசிக்க அமரும் குழந்தை காந்தாரத்திற்கு வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று. ரிஷபத்திற்கும் மத்தியமத்திற்கும் இடையே அசைவது. அவ்வசைவே கமகம், அதுவே இராகத்தின் உயிர். கட்டையோ அசையாது. இத்தகைய குறைகளைக் கருதியே அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது.

குறை எங்கே உள்ளது? சாதாரணக் கட்டை அந்நாளையத் தந்திக் கருவியின் சாவியைப் போன்றது. அழுத்தினால் ஒலி, விரலை எடுத்தால் மௌனம். எவ்வளவு விரைவாக அழுத்தினோம் என்பதையும் இக்காலக் கருவிகள் அறியும். ஆனால் அழுத்திய பின்னர் கட்டையின் மீது தங்கியிருக்கும் விரல் என்ன சொல்லுகிறது என்பதைப் பெரும்பாலானவை கேட்பதில்லை. கமகமோ அதன் பின்னரே பிறக்கிறது. சுரத்தை வளைக்க இடப்புறத்தில் ஒரு சக்கரம் உண்டெனினும், அது ஒலிக்கும் சுரங்கள் அனைத்தையும் ஒருங்கே வளைத்துவிடும்.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர்களுள் ஒருவர் ஹியூ லெ கேன். கனடா நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய அவ்விஞ்ஞானி, 1945-ஆம் ஆண்டு முதல் அலுவல் போக எஞ்சிய பொழுதில் தம் இல்லத்திலேயே ஒரு கருவியை உருவாக்கலானார். ‘எலெக்ட்ரானிக் சாக்பட்’ என்னும் அது 1948-இல் நிறைவுற்றது. கட்டையை ஆழ அழுத்தினால் ஒலி பெருகும். பக்கவாட்டில் தள்ளினால் சுரம் வளையும். இடக்கை ஒலியின் தன்மையை மாற்றும்.

அன்று அவர் வால்வுகளைக் கொண்டு செய்ததை இன்று பள்ளி மாணவரும் செய்யலாம். மரக்கட்டையின் அடியில் அழுத்தத்தை உணரும் மெல்லிய தகடு ஒன்றை வைக்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். கட்டையின் நுனியில் சிறு காந்தத்தையும், அதனருகே அசையாத இடத்தில் ஹால் உணரியையும் பொருத்தினால், கட்டை இடமோ வலமோ நகர்வது புலனாகும். கட்டை தானே நடுவுக்குத் திரும்ப ஓர் எஃகுப் பட்டை வேண்டும். ஆர்டுயினோ போன்றதொரு சிறு மின்னணுப் பலகை இவ்வளவுகளை இடைவிடாது எண்களாக்கிக் கணிப்பொறிக்கு அனுப்பும். ஒலியை எழுப்புவது கணிப்பொறியே.

அவ்வெண்களுக்கு 1983-ஆம் ஆண்டு முதல் ‘மிடி’ என்னும் பொதுவிதி உண்டு. அதில் சுரத்தை வளைப்பதற்கு 16,384 படிகள் உள்ளன. வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரமும் கீழே இரண்டு அரைச்சுரமும் வளையும். தோடியின் காந்தாரம் ரிஷபத்தையும் மத்தியமத்தையும் தொட்டு மீள இதுவே போதும்! ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் விதியும் 2018-இல் ஏற்கப்பட்டது.

அன்பர்களே, கருவிக்கேற்ப இராகத்தைக் குறைத்துக்கொள்வதா, இராகத்திற்கேற்பக் கருவியைத் திருத்துவதா என்பதே நம்முன் உள்ள வினா. வயலின் மேனாட்டுக் கருவியே; பாலுசாமி தீட்சிதர் அதனை நம் இசைக்கு உரியதாக்கினார். அமர்ந்து, அதன் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும் முறையும் நம்மவர் கண்டதே. தாயகத்தை விட்டுத் தொலைவில் வளரும் நம் குழந்தைகள், கடையில் கிடைக்கும் கருவி ஒலிப்பதே சங்கீதம் என்று எண்ணிவிடலாகாது.

ஆதலின் விடுமுறை நாட்களில் சங்கத்தின் அறையிலேயே இவ்வேலையைத் தொடங்குவோம். பன்னிரண்டு கட்டைகள் வேண்டா. முதலில் காந்தாரத்திற்கு ஒரே ஒரு கட்டை போதும். பிள்ளைகள் அதைச் செய்யட்டும். பாட்டு அறிந்த தாய்மார்கள் அருகிருந்து கேட்டு, தோடி வந்ததா இல்லையா என்று தீர்ப்புக் கூறட்டும். அவர்கள் தலையசைக்கும் நாளில் இரண்டாவது கட்டையைச் செய்வோம்.